வினைக்குப் பின் வேண்டாச் சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கவிதையைப் போற்றும் அவையில் ஆங்கில இலக்கணத்திற்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு விடை எளிது. தமிழ்க் கவிதை பிற மொழியினரைச் சென்று சேரும் வழிகளுள் ஆங்கிலம் முதன்மையானது. அவ்வழியே அதனை ஏற்றிச் செல்வோருள் பலர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மூலத்தின் பொருளையும் சுவையையும் ஐயமற அறிந்தவர்கள். எனினும், அவர்கள் ஆக்கும் ஆங்கில வரியில் ஒரு சிறு சொல் மிகையாக நின்றுவிடும்போது, படிப்பவரின் செவி அவ்விடத்தில் இடறுகிறது. குற்றம் மொழிபெயர்ப்பில் இருக்க, பழி மூலக் கவிஞரைச் சேர்கிறது. அந்தச் சிறு சொல்லே இவ்வுரையின் பொருள்.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நின்று அதனை வினையோடு இணைக்கும் அபௌட், டு, ஃபார், ஆன், ஆஃப், வித், இன்டு போன்றவற்றைத் தமிழில் முன்னிடைச்சொல் என்பர். தமிழில் பெயருக்குப் பின் ஒட்டும் வேற்றுமை உருபு செய்யும் பணியை ஆங்கிலத்தில் இவை செய்கின்றன. சில வினைகளுக்கு இவை இன்றியமையாதவை. சில வினைகளுக்கு இவை வேண்டாதவை. 'டிஸ்கஸ் த போயம்' என்றால் போதும். 'டிஸ்கஸ் அபௌட் த போயம்' என்பது மிகை. அவ்வாறே 'எம்ஃபசைஸ் ஆன்', 'ரிக்வெஸ்ட் ஃபார்', 'கம்ப்ரைஸ் ஆஃப்', 'அக்கம்பனி வித்', 'அவெய்ட் ஃபார்', 'ரிசெம்பிள் டு', 'டிஸ்கிரைப் அபௌட்' ஆகியவற்றிலும் பின் நிற்கும் சொல் மிகையே.

இப்பட்டியலை மனப்பாடம் செய்வது பள்ளி மாணவர்க்குப் பயன்படலாம். கவிஞர்க்கு வேண்டுவது பட்டியலன்று. இச்சொல் ஏன் மிகையாகிறது, எங்கிருந்து நுழைகிறது என்னும் தெளிவே அவர்க்கு வேண்டும். அத்தெளிவைப் பெறத் தமிழ் இலக்கணமே நல்ல துணையாகும்.

வினை கேட்கும் உருபு

ஒவ்வொரு வினையும் தனக்குரிய வேற்றுமையைத் தானே கேட்டுப் பெறுகிறது. 'நம்பினான்' என்றால் 'அவனை' என்று இரண்டாம் வேற்றுமை வந்து நிற்கும். 'விடை சொன்னான்' என்றால் 'அவனுக்கு' என்று நான்காம் வேற்றுமை வரும். 'பழகினான்' என்றால் 'அவனோடு' என்று மூன்றாம் வேற்றுமை வரும். இதனைத் தமிழர் எவரும் விதி படித்துக் கற்பதில்லை. வினையோடு சேர்த்தே கற்கின்றனர்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே வகுத்திருப்பது கருதத்தக்கது. எந்த வினையோடு எந்த உருபு வரும், எங்கே ஓர் உருபின் இடத்தில் மற்றொன்று வரலாம் என்பதை அது ஆராய்கிறது. அச்சப் பொருள் தரும் வினைக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரும், இரண்டாம் வேற்றுமையும் வரும் என்று அது காட்டுகிறது. பழியின் அஞ்சும் என்றாலும் பழியை அஞ்சும் என்றாலும் பொருள் ஒன்றே. இன்றைய வழக்கோ பழிக்கு அஞ்சுதல் என நான்காம் வேற்றுமையை நாடுகிறது. வினை மாறவில்லை, அது கேட்கும் உருபு காலத்தோடு மாறியிருக்கிறது.

ஆங்கிலமும் இவ்வாறே. 'லிசன்' என்னும் வினை 'டு' கேட்கும், 'ஹியர்' கேட்காது. 'வெயிட்' என்னும் வினை 'ஃபார்' கேட்கும், 'அவெய்ட்' கேட்காது. 'டாக்' என்னும் வினை 'அபௌட்' கேட்கும், 'டிஸ்கஸ்' கேட்காது. பொருள் நெருங்கியிருப்பதால் இலக்கணமும் ஒன்றாயிருக்கும் என்று கொள்வதிலிருந்தே பிழையின் பெரும்பகுதி பிறக்கிறது.

வினையினுள் ஒடுங்கிய சொல்

பழைய ஆங்கிலம் தமிழைப் போலவே பெயரின் ஈற்றில் வேற்றுமை காட்டிய மொழி. அவ்வீறுகள் காலப்போக்கில் தேய்ந்தன. அவற்றின் பணியைச் சொல் வரிசையும் முன்னிடைச்சொற்களும் ஏற்றன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பெருகிப் புகுந்தன. இலத்தீன் சொற்களும் தொடர்ந்து வந்தன. இதன் விளைவாக ஒரே கருத்துக்கு இரு வகை வினைகள் ஆங்கிலத்தில் அமைந்தன. நாட்டு வினை ஒரு முன்னிடைச்சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறது. வந்தேறிய வினையோ பெரும்பாலும் அச்சொல்லைத் தன் வயிற்றினுள் கொண்டே வந்திருக்கிறது.

'அக்கம்பனி' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். அதன் நடுவில் உள்ள 'கம்' என்பது 'உடன்' என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டு. அதனை அடுத்து நிற்பது 'ரொட்டி' என்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தது. உடன் உண்பவனே தோழன். ஆகவே 'அக்கம்பனி வித்' என்பவர் 'உடன்' என்பதை இருமுறை சொல்கிறார். 'அப்ரோச்' என்பதில் 'அருகு' என்னும் பொருளும் 'நோக்கி' என்னும் பொருளும் முன்னரே அடங்கியுள்ளன. 'டு' சேர்க்க இடமில்லை. 'என்டர்' என்பது 'உள்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லோடு உறவுடையது. 'டிஸ்கஸ்' என்பதன் இலத்தீன் மூலத்திற்கு உதறிப் பிரித்தல் என்பது பொருள். மூட்டையை உதறிப் பிரிப்பவன் மூட்டையைத்தான் உதறுகிறான். மூட்டையைப் பற்றி உதறுவதில்லை.

நாட்டு வினைகளிலும் இவ்வமைப்பு அருகிக் காணப்படும். 'ஆன்சர்' என்பது பழைய ஆங்கிலச் சொல். அதன் முதற்பகுதிக்கு 'எதிர்' என்று பொருள். தமிழின் 'மறுமொழி' போன்ற அமைப்பு அது. கேள்விக்கு எதிர்நிற்கும் தன்மை அதனுள்ளேயே இருப்பதால் 'ஆன்சர் த கொஸ்டின்' என்பதே நிறைவுடையது.

ஆயினும் இதனை முழு விதியாகக் கொள்ளுதல் ஆகாது. 'டிபென்ட் ஆன்', 'ரெஃபர் டு', 'இன்சிஸ்ட் ஆன்', 'கன்சிஸ்ட் ஆஃப்' ஆகியவையும் இலத்தீன் வழி வந்தவையே, முன்னொட்டு உடையவையே. எனினும் அவை முன்னிடைச்சொல்லை விடாமல் கேட்கின்றன. 'கன்சிஸ்ட் ஆஃப்' என்பதன் பழக்கமே 'கம்ப்ரைஸ்' என்பதற்கும் 'ஆஃப்' ஒட்டக் காரணமாகிறது எனலாம். சொல் வரலாறு காரணத்தை விளக்கும், வழக்கே தீர்ப்பளிக்கும்.

பெயர் கேட்கும், வினை கேட்காது

மிகைச் சொல் நுழையும் வாயில்களுள் மிகப் பெரியது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் வினைக்கு வேண்டாத முன்னிடைச்சொல் அவ்வினையின் பெயர்வடிவத்திற்கு வேண்டியதாகிறது. 'டிஸ்கஷன் அபௌட்', 'எம்ஃபசிஸ் ஆன்', 'ரிக்வெஸ்ட் ஃபார்', 'டிமாண்ட் ஃபார்', 'ஆன்சர் டு', 'ரிசெம்பிளன்ஸ் டு' ஆகிய அனைத்தும் பெயராக நிற்கும்போது பிழையற்றவை. பெயரோடு பழகிய செவி, வினைக்கும் அதே சொல்லைச் சேர்த்துவிடுகிறது. 'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்', 'ஆன்சர்', 'ஆர்டர்' போன்ற சொற்களில் பெயருக்கும் வினைக்கும் வடிவ வேறுபாடே இல்லாமையால் மயக்கம் இன்னும் மிகுகிறது.

இம்மயக்கத்தை உணர ஆங்கிலம் வரை செல்ல வேண்டியதில்லை. 'அவனை நம்பினாள்' என்பது வினை. 'அவன்மீது நம்பிக்கை' என்பது பெயர். 'அவளை விரும்பினான்' என்பது வினை. 'அவள்மீது விருப்பம்' என்பது பெயர். 'நூலை ஆராய்ந்தார்' என்பது வினை. 'நூலைப் பற்றிய ஆராய்ச்சி' என்பது பெயர். இப்போது பெயருக்குரிய உருபை வினைக்கு மாற்றிப் பார்க்கலாம். 'அவன்மீது நம்பினாள்', 'அவள்மீது விரும்பினான்'. பொருள் விளங்காமற் போகவில்லை. ஆயினும் தமிழ்ச் செவி சுளிக்கிறது. 'டிஸ்கஸ் அபௌட்' என்பதைக் கேட்கும் ஆங்கிலச் செவிக்கு நேர்வதும் ஏறத்தாழ இதுவே. ஒரு பிழையைத் தன் மொழியில் கேட்டுப் பார்த்தவர் பிறமொழியில் அதனை எளிதில் தவிர்ப்பார்.

தமிழிலிருந்து நேரே செல்லும் மிகைகளும் உள்ளன. 'கேள்விக்கு விடையளித்தான்' என்னும் நான்காம் வேற்றுமை 'ஆன்சர் டு' ஆகிறது. 'அறைக்குள் நுழைந்தாள்' என்பதிலுள்ள 'உள்' 'என்டர் இன்டு' ஆகிறது. 'ஊருக்கு வந்து சேர்ந்தான்' என்பது 'ரீச் டு' ஆகிறது. 'அவளோடு திருமணம் ஆயிற்று' என்பது 'மேரீட் வித்' ஆகிறது. ஆனால், பழியனைத்தையும் தமிழின் மீது சுமத்துதல் முறையன்று. 'டிஸ்கஸ் அபௌட்' தமிழறியாத நாடுகள் பலவற்றிலும் கேட்கப்படுகிறது. ஆங்கிலத்தின் உள்ளேயே இருக்கும் ஒப்புமைகள் எவரையும் அவ்வழியில் இழுக்கும் ஆற்றல் உடையவை.

ஒரு சொல் மாற்றும் பொருள்

மிகைச் சொல் எப்போதும் வெறும் மிகையாகவே நிற்பதில்லை. சிலபோது அது பொருளையே மாற்றிவிடும். கவிஞர் அஞ்ச வேண்டியது இதற்கே.

'ஷூட் த பர்ட்' என்றால் அம்போ குண்டோ பறவையைத் தாக்கிற்று. 'ஷூட் அட் த பர்ட்' என்றால் குறி வைத்து விடுத்ததே சொல்லப்படுகிறது; பட்டதா என்பது தெரியாது. 'சர்ச் த ஹவுஸ்' என்றால் வீட்டினுள் துழாவுதல். 'சர்ச் ஃபார் த ஹவுஸ்' என்றால் வீட்டையே தேடி அலைதல். 'பிலீவ் ஹிம்' என்றால் அவன் சொல்லை நம்புதல்; 'பிலீவ் இன் ஹிம்' என்றால் அவனையே நம்பி நிற்றல். 'அட்டெண்ட் த மீட்டிங்' என்பது கூட்டத்திற்குச் செல்லுதல். 'அட்டெண்ட் டு' என்பது ஒரு பணியைக் கவனித்தல். 'என்டர்' என்பது அறையினுள் நுழைதல்; 'என்டர் இன்டு' என்பது இன்று பெரும்பாலும் உடன்படிக்கையிலோ பேச்சுவார்த்தையிலோ இறங்குதல்.

ஓர் எளிய தமிழ்த் தொடரை எடுத்துக்கொள்ளலாம்: 'அவள் ஊரை நெருங்கினாள், ஒருவரும் அவளுக்கு விடை சொல்லவில்லை.' இதனை 'ஷீ அப்ரோச்ட் த வில்லேஜ். நோ ஒன் ஆன்சர்ட் ஹர்' என்று ஆங்கிலமாக்கினால் மூலத்தின் தனிமை அப்படியே நிற்கும். தமிழ் உருபுகளைத் தொடர்ந்து சென்று, 'ஷீ அப்ரோச்ட் டு த வில்லேஜ். நோ ஒன் ஆன்சர்ட் டு ஹர்' என்று ஆக்கினால் இரு கேடுகள் நிகழ்கின்றன. முதற் பகுதியில் 'டு' வெறும் சுமை. இரண்டாம் பகுதியில் நிகழ்வது அதனினும் பெரிது. 'ஆன்சர் டு' என்னும் வினைக்கு ஒருவர்க்குக் கீழ்ப்பட்டுப் பொறுப்புச் சொல்லுதல் என்று ஒரு பொருள் உண்டு. ஆகவே, அவளிடம் பேசுவாரில்லை என்ற துயரம் மறைந்து, அவளுக்குக் கட்டுப்பட்டவர் எவருமில்லை என்ற அதிகாரச் செய்தி தோன்றிவிடுகிறது. கைவிடப்பட்ட பெண் ஒருத்தி, ஆள்வாரை இழந்த தலைவியாகிறாள். இரண்டெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று கவிதையின் உயிரையே மாற்றிவிட்டது.

அசையும் இசைநிறையும்

பொருள் தராத சொல்லுக்கு இடம் தருதல் தமிழ்க் கவிஞர்க்குப் புதிதன்று. இடைச்சொற்களுள் அசைநிலையாய் வருவனவும் இசைநிறையாய் வருவனவும் உண்டு என்று தொல்காப்பியம் இடையியலில் வகுத்திருக்கிறது. அவை பொருள் தராவிடினும் ஒரு பணி செய்கின்றன. ஓசையை நிரப்புகின்றன, தொடரைத் தாங்குகின்றன. 'டிஸ்கஸ்' என்பதன் பின் வரும் 'அபௌட்' இவ்விரண்டிலும் சேராது. உரைநடையில் அதற்கு நிரப்ப ஓசையில்லை. செய்யுளிலோ, அழுத்தமில்லா அசையும் அழுத்தமுள்ள அசையும் மாறி மாறி வரும் ஆங்கில யாப்பில், ஓர் அசை குறையும் இடத்தில் இத்தகைய சிறு சொல்லைச் செருகும் ஆசை எழும். அந்த ஆசைக்கு இடங்கொடுத்த வரி, அளவு நிரம்பியும் வலிவு குன்றி நிற்கும்.

மறுபுறம், உருபை விலக்கும் கலையிலும் தமிழ்க் கவிஞர் பழகியவரே. 'பால் குடித்தான்', 'கல் எறிந்தான்' என்பவற்றில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது. வினையே உறவை உணர்த்திவிடுவதால் உருபு வேண்டாதாகிறது. வேற்றுமைத் தொகை என்று இலக்கணம் பெயரிட்ட இச்சுருக்கம், செய்யுளின் செறிவுக்கு அடிப்படைகளுள் ஒன்று. நாற்சீரும் முச்சீருமாக ஏழு சீருள் அடங்கும் குறளில் வேண்டாச் சொல் நிற்க இடமேது? அச்செறிவைத் தமிழில் போற்றுபவர், அதே கவிதையை ஆங்கிலத்திற்குக் கொண்டுசெல்லும்போது மட்டும் நெகிழவிடுவது ஏற்புடையதன்று. ஏ. கே. இராமானுசன் 1967-இல் 'த இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்னும் தொகுப்பாகக் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, உலகம் அவற்றைக் கவிதையாகவே வரவேற்றமைக்கு அவர் கையாண்ட சிக்கனமான ஆங்கிலமும் ஒரு காரணம்.

வழக்கு மாறும்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். வழக்கே தீர்ப்பென்றால், இந்தியாவில் கோடிக்கணக்கானோர் 'டிஸ்கஸ் அபௌட்' என்று வழங்கும்போது அதனைப் பிழையென்பது எவ்வாறு? இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குள்ளேயே ஒருமைப்பாடு இல்லை. அமெரிக்கர் 'புரொட்டெஸ்ட் த டிசிஷன்' என்பர். ஆங்கிலேயர் இடையில் 'அகெய்ன்ஸ்ட்' சேர்ப்பர். அமெரிக்கர் 'ரைட் மீ' என்பர். ஆங்கிலேயர் 'ரைட் டு மீ' என்பதையே விரும்புவர். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'என்டர் இன்டு' என்பது நுழைதல் என்னும் பொருளிலேயே பன்முறை வருகிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'லைக்' என்னும் வினைக்குப் பின் 'ஆஃப்' வருதலும் உண்டு. இன்று மிகையெனப்படுவது அன்று முறையாயிருந்தது. இன்றைய மிகை நாளை முறையாகவும் கூடும்.

ஆகவே, பேச்சில் இத்தகைய சொல்லைக் கேட்டு நகைப்பது பண்பன்று. ஒருவர் ஆழ்ந்த கருத்தொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அவருடைய 'அபௌட்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு கருத்தைக் கைவிடுவது அறிவுடைமையும் அன்று. நகைக்கு அஞ்சி வாய் திறவாமற் போனவர்களின் கருத்துகள் எத்தனையோ. இலக்கணம் வாயைத் திறக்க உதவ வேண்டும், மூடுவதற்கன்று.

எழுத்தின் நிலை வேறு. எழுத்தில் திருத்தக் காலம் உண்டு. கவிதை எழுத்தில் திருத்தும் கடமையும் உண்டு. தன் மண்ணின் ஆங்கிலத்தை வேண்டுமென்றே கையாளும் கவிஞர், பாத்திரத்தின் பேச்சுக்காக 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதலாம். நிசிம் எசக்கியேல் இந்திய ஆங்கிலப் பேச்சைக் கவிதையில் கையாண்டது அத்தகையது. அது தேர்வு. அறியாது எழுதுவது தேர்வாகாது.

கைக்கொள்ளத்தக்கவை

வேண்டாச் சொல்லை விலக்குதல் ஆங்கில உரைநடை ஆசிரியர் பலரும் வலியுறுத்திய ஒன்று. ஃபவுலரின் 1926-ஆம் ஆண்டு வழக்குக் கையகராதியும், அரசு அலுவலர்க்காக எர்னஸ்ட் கோவர்ஸ் 1948-இல் எழுதிய 'பிளெய்ன் வேர்ட்ஸ்' என்னும் நூலும் இத்துறையில் பெயர் பெற்றவை. பிறமொழியாளர்க்கு அவற்றினும் நெருங்கிய துணை ஏ. எஸ். ஹார்ன்பியின் அகராதி. ஜப்பானிய மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்த அவர், தம் குழுவினருடன் உருவாக்கிய அவ்வகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது; 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாயிற்று. சொல்லின் பொருளோடு, அவ்வினை எத்தகைய தொடரில் அமையும் என்பதையும் வாய்பாடுகளாக வகுத்துக் காட்டியது அதன் சிறப்பு. ஐயம் எழும்போது பொருளை மட்டும் பாராது, அவ்வினை செயப்படுபொருளை நேரே ஏற்குமா என்பதையும் எடுத்துக்காட்டுத் தொடரையும் பார்ப்பது நன்று.

அகராதி கைக்கெட்டாத போது மூன்று வினாக்கள் உதவும். முதலாவது: இச்சொல்லை நீக்கினால் தொடர் நிற்கிறதா? நின்றால், அது மிகையாயிருக்கக்கூடும். இரண்டாவது: நீக்கியபின் பொருள் மாறுகிறதா? மாறினால், எது கவிதைக்கு வேண்டிய பொருள்? மூன்றாவது: இச்சொல் வினையால் வந்ததா, அதன் பெயர்வடிவத்தின் நினைவால் வந்ததா, தமிழ் உருபின் நிழலாக வந்ததா? இவ்வினாக்கள் மறுபுறத்தையும் காக்கும். மிகைக்கு அஞ்சி 'லிசன் டு மியூசிக்' என்பதில் 'டு'வை வெட்டுபவரும், 'வெயிட் ஃபார் மீ' என்பதில் 'ஃபார்' விடுபவரும் குறை செய்தவராவர். வெட்டுதல் மட்டுமே சிக்கனமன்று. வினை கேட்பதைக் கொடுத்து, கேளாததைக் கொடாதிருத்தலே சிக்கனம்.

பத்தாண்டுகளாக ஒரு சீரின் இடத்தையும் ஓர் அசையின் நிறையையும் எண்ணிப் பார்த்துக் கவிதை பேசிவரும் வட்டம் இது. ஐகாரம் ஒன்று தொக்கதா, விரிந்ததா என்று தமிழில் நோக்கும் அதே கண், ஆங்கிலத்தில் ஒரு 'டு'வையும் ஓர் 'ஆன்'னையும் நோக்கினால் போதும். அவ்வாறு நோக்கும் மொழிபெயர்ப்பாளர் கையில், ஊரை நெருங்கிய அந்தப் பெண் ஆங்கிலத்திலும் தனியாகவே நிற்பாள். அவளுடைய தனிமை பிறமொழியார்க்கும் புலப்படும்.